ஊஞ்சல் பலகை வந்த வழி

முதல் நாள், வெள்ளிக்கிழமை: கோயம்புத்தூர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் ஊஞ்சல் இருக்கிறது. ஆறரை அடி நீளம், இரண்டேகால் அடி அகலம், ஒட்டுப் போடாத ஒரே பலகை. அம்மாவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து சீராக வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி வருவதற்கு முன்னால் "பர்மா தேக்கு" என்ற சொல் வந்துவிடும். அதில் படுத்தே வளர்ந்தவள் நான். அது எங்கோ ஒரு மலையில் நின்ற மரம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. போன மாதம் கொண்டி மாற்ற வந்த தச்சர் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த அகலம் கிடைக்க வேண்டுமானால் மரம் எட்டு அடிச் சுற்றாவது இருந்திருக்கும். அந்தக் காலத்தில் இதை எப்படித்தான் கீழே இறக்கினார்களோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்விட்டார், கேள்வி போகவில்லை.

துணைக்கு மாமா வருகிறார். அம்மாவின் தம்பி, வயது 71. பொள்ளாச்சியில் ஒரு மரவாடியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எந்த மரத்தைப் பார்த்தாலும் முதலில் கன அடிதான் பார்ப்பார். நிழல், பூ, பறவை எல்லாம் அப்புறம். கேரளத்து நிலம்பூரில் தேக்குக்கு என்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, போகலாமா என்று கேட்டதும், "மரத்தைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க டிக்கெட்டா?" என்றார். ஆனால் மறுநாளே பையைத் தைக்கக் கொடுத்துவிட்டார்.

நிலம்பூருக்கு முன்னால் உள்ளூரிலிருந்தே தொடங்கலாம் என்று இன்று காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஆர்.எஸ்.புரம் பக்கம், கௌலி பிரவுன் சாலையில், வனக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. கோவையில் வனப் பாதுகாவலராக இருந்த காஸ் என்ற ஆங்கிலேயர் சேர்த்த பொருட்களோடு 1902-ல் தொடங்கியது. திறந்துவைத்தவர் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆம்ப்தில் பிரபு. பாடம் செய்த பிரம்மாண்டமான காட்டெருமை ஒன்று நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதைவிட்டு நகரவில்லை. மாமா அதைத் திரும்பியும் பார்க்காமல் மரத்துண்டுகள் பக்கம் போய்விட்டார்.

வட்டமாக அறுத்த ஒரு துண்டின் முன் நின்று, விளிம்பில் வெளிறிக் கிடக்கும் பகுதியைக் காட்டினார். அதைப் 'பால்' என்றார். உள்ளே கறுத்துத் தேன் நிறமாக இருப்பது வைரம். பாலில் கரையான் ஏறும், வைரத்தைத் தொடாது. தேக்கின் வைரத்தில் இருக்கும் எண்ணெய்தான் காரணம். "தேக்கைக் கண்ணால் வாங்கக் கூடாது அம்மிணி, மூக்கால் வாங்க வேண்டும்" என்றார். புதிதாக இழைத்த தேக்குப் பழைய தோல்பை போல மணக்குமாம். இங்கிருந்த துண்டுகளுக்கு நூறு வருடத்து மெருகின் வாசனைதான் இருந்தது. "எங்கள் ஊஞ்சலும் அப்படி மணக்குமா?" என்று கேட்டேன். "எல்லாத் தேக்கும் மணக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை: டாப்சிலிப்

பொள்ளாச்சியில் விடியற்காலை இட்லி. ஆனைமலை வழியாகச் சேத்துமடை, அங்கே சோதனைச்சாவடி, பிறகு கொண்டை ஊசி வளைவுகள். வழி நெடுகக் குரங்குகள். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, "வேங்கை. மருது. அது தேக்கு. அதுவும் தேக்கு" என்று வருகைப் பதிவேடு எடுத்துக்கொண்டே வந்தார்.

டாப்சிலிப் என்ற பெயரை எத்தனை முறை சொல்லியிருப்போம். அது ஒரு வேலையின் பெயர் என்று இன்றுதான் உறைத்தது. மேலிருந்து கட்டைகளைச் சறுக்கிவிடும் இடம், மலைச்சரிவின் தலைப்பு. வெட்டிய தேக்கை யானைகள் இந்த விளிம்புவரை இழுத்துவரும். இங்கிருந்து சரிவில் தள்ளிவிட்டால் அடிவாரத்தில் போய் விழும். அங்கிருந்து மாட்டு வண்டி, பிறகு மேற்குக் கரை, பிறகு பம்பாய். 1840களிலிருந்து பம்பாய்க் கப்பல் தளத்துக்காக இங்கே மரம் வெட்டியிருக்கிறார்கள். தச்சர் கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான்: பாதி வழி இறக்கவே இல்லை, உருட்டிவிட்டார்கள்.

கப்பலுக்கு ஏன் ஆனைமலை வரை வந்தார்கள்? இங்கிலாந்தில் ஓக் மரம் தீர்ந்துகொண்டிருந்தது. ஓக்கில் இருக்கும் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் ஆணியைக் காக்கும். பம்பாயில் வாடியா என்ற பார்சிக் குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டிய போர்க்கப்பல் ஒன்று 1817-ல் கடலில் இறங்கியது. இரண்டு நூற்றாண்டு தாண்டியும் அது இன்னமும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் 'ட்ரிங்கோமலி'. நம் திருகோணமலைதான். மரம் மலபார், கட்டியவர் பார்சி, பெயர் ஈழத்து ஊர், கொடி மட்டும் அவர்களுடையது.

கப்பல் பசி அடங்குவதற்குள் ரயில் பசி வந்துவிட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856-ல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டைகள் வேண்டியிருந்தன. மலை மொட்டையாகிவிடும் என்று அரசாங்கத்துக்கே பயம் வந்தது. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறை கொஞ்சம், அடுத்த வருடக் கட்டைக்கு என்ன செய்வது என்ற கவலை நிறைய.

அந்தக் கவலையை அக்கறையாக மாற்றியவர் என்று இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் ஹ்யூகோ வுட். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கே வன அதிகாரியாக வந்தவர். மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டச் சொன்னார். கரும்புக்கு மறுதாம்பு விடுவது போல, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். நடக்கும்போதெல்லாம் சட்டைப்பையில் தேக்கு விதை வைத்திருப்பார், கைத்தடியால் மண்ணைக் குத்தி விதை போட்டுக்கொண்டே போவார் என்று கதை. 1933-ல் இறந்தார். தன் உடலை இங்கேயே புதைக்கச் சொன்னாராம். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி: என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார்.

பார்த்தோம். உயரமான தேக்குகள், அடியில் சருகு, சருகில் ஏதோ ஒன்று சரசரத்து ஓடியது. கண் கலங்கியிருப்பேன், மாமா விடவில்லை. "கைத்தடியால் குத்திப் போட்டால் தேக்கு முளைத்துவிடுமா? தேக்கங்கொட்டை என்ன கீரை விதையா? நூறு போட்டால் பத்து முளைப்பதே பெரிய பாடு" என்றார். கதைகளில் கன அடி கிடையாது என்பது மாமாவின் நிரந்தரக் குறை.

கோழிகமுத்தி யானை முகாமையும் பார்த்தோம். கட்டை இழுப்பதற்காகப் பழக்கப்பட்ட யானைகளின் முகாம்தான் இது. இழுக்கக் கட்டை இல்லாத இந்தக் காலத்தில், ஊருக்குள் வரும் காட்டு யானையைத் திருப்பி அனுப்பும் கும்கிகளாகி இருக்கின்றன. ராகிக் களி உருண்டையை வாயில் வாங்கும்போது ஒரு கிழட்டு யானை கண்ணை மூடிக்கொண்டது. மதியம் வரை அங்கேயே நின்றிருப்பேன், பரம்பிக்குளம் வண்டிக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை: பரம்பிக்குளம்

பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது, வண்டிப் பாதை மட்டும் தமிழ்நாடு வழியாக. இரண்டு மாநிலச் சோதனைச்சாவடி, இரண்டு ரசீது. உள்ளே சொந்தமாகச் சுற்ற முடியாது, வனத்துறை வண்டியும் வழிகாட்டியும் கட்டாயம். எங்களுக்கு வந்தவர் மலசர் இளைஞர். இங்கே காடர், மலசர், மலைமலசர், முதுவர் என நான்கு பழங்குடியினர் வாழ்கிறார்கள். மாமாவை 'ஐயா' என்றும் என்னை 'அக்கா' என்றும் கூப்பிட்டுக்கொண்டு, தமிழும் மலையாளமும் கலக்காமல் தனித்தனியாகப் பேசினார்.

கன்னிமாரா தேக்கைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தோம். ஏறக்குறைய 450 வயது என்கிறார்கள். அடியில் சுற்றளவு ஏழு மீட்டரை ஒட்டி வருகிறது. ஐந்து பேர் கைகோத்தால் ஒருவேளை வளைக்கலாம். இந்தியாவிலேயே பெரிய தேக்குகளில் ஒன்று. அண்ணாந்து பார்த்தபோது கழுத்துதான் முதலில் தோற்றது.

மாமா அதன் அருகில் போய் நின்றுகொண்டு வாய்க்குள் முணுமுணுத்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். "இருபத்திரண்டு அடிச் சுற்று. நாலில் ஒரு பங்கு ஐந்தரை. ஐந்தரையை ஐந்தரையால் பெருக்கினால் முப்பதேகால். முப்பது அடி நீளம் தேறும் என்று வை. தொள்ளாயிரம் கன அடி, கழிவு போக." மரவாடிக் கணக்கு அதுதான். சுற்றளவில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். உருண்டை மரத்தைச் சதுரமாக்கி அளப்பதால் அறுக்கும்போது போகும் கழிவும் அதிலேயே அடங்கிவிடும். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "ஐயா, இதையும் ஒருமுறை வெட்டப் பார்த்தார்கள்" என்றார்.

கோடாரி பட்டதும் மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டதாம். அதனால்தான் கன்னிமரம், அதனால்தான் வழிபாடு. நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா கீழே காற்றில் ஒடிந்து விழுந்திருந்த இளந்துளிர் ஒன்றை எடுத்து, ஓர் இலையை என் உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். கை முழுக்கச் சிவப்பு, அசல் ரத்தச் சிவப்பு. தேக்கின் தளிரைக் கசக்கினால் இப்படித்தான் வரும். "எங்கள் ஊரில் பிள்ளைகள் இதைப் பூசிக்கொண்டு அடிபட்டுவிட்டது என்று அம்மாவை ஏமாற்றுவோம்" என்றார் வழிகாட்டி. கதை பொய்யாகிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. எவனோ ஒருவன் கோடாரியோடு நின்று, கையைப் பார்த்துப் பயந்து திரும்பியிருந்தால், அந்தப் பயத்துக்கு என் நன்றி.

இங்கே இன்னொரு சங்கதி இருந்திருக்கிறது. கொச்சி சமஸ்தானம் இந்தக் காட்டிலிருந்து சாலக்குடி வரை 80 கிலோமீட்டருக்கு மரம் ஏற்றும் டிராம் பாதை போட்டது. 1907-ல் ஓடத் தொடங்கியது. என்ஜின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. ஆனால் என்னைக் கவர்ந்தது என்ஜின் இல்லாத பகுதிகள்தான். செங்குத்தான சரிவுகளில் ஒரே கம்பிவடத்தின் ஒரு முனையில் கட்டை ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரம் கீழே இறங்கும்போது அதன் எடையே காலி வண்டியை மேலே இழுத்துவிடும். கிணற்றில் இரட்டை வாளி போடுவது போலத்தான். நிறுத்தும் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றால் போதும். நிலக்கரி வேண்டாம், காளை வேண்டாம், மலையின் உயரமே கூலியில்லாமல் வேலை செய்தது. சாலக்குடியில் ரயிலுக்கு மாற்றிவிட்டால் கொச்சித் துறைமுகம். 1950களின் தொடக்கத்தில் இதை மூட முடிவு செய்தார்கள். வெட்ட வேண்டியதை வெட்டி முடித்த பாதை வேறு எதற்கு?

வழிகாட்டியின் தாத்தா அந்த டிராமில் வேலை பார்த்தவராம். "கட்டை போகும், நாங்கள் இங்கேயே இருப்போம்" என்று அவர் சொல்வாராம்.

திரும்பும் வழியில் ஒன்றைக் கவனித்தேன். சில இடங்களில் மரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒரே உயரம், ஒரே பருமன். காடு என்று நான் கைகாட்டியதை மாமா திருத்தினார். "இது காடு இல்லை, தோட்டம். தென்னந்தோப்பு மாதிரி தேக்கந்தோப்பு." இயற்கைக் காட்டை முழுதாக வெட்டிவிட்டு நட்டது. ஒரே மரம், அடியில் சொற்பமான செடி. இன்று அதிலும் மானும் காட்டெருமையும் திரிகின்றன. அவற்றுக்குத் தோட்டம், காடு என்ற பேதம் தெரியவில்லையா, வேறு வழியில்லையா என்று அவைதான் சொல்ல வேண்டும்.

நான்காம் நாள், திங்கட்கிழமை: ரயில்

இன்று எழுத அதிகம் இல்லை. பொள்ளாச்சி, பாலக்காடு, ஷொர்ணூர். ஷொர்ணூரிலிருந்து நிலம்பூருக்கு 66 கிலோமீட்டர் ஒற்றை ரயில் பாதை. இதுவும் மரத்துக்காகப் போட்டதுதான், 1927-ல் முழுதாகத் திறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1954-ல், மறுபடி போட்டார்கள். மரம் ஏற்ற வந்த ரயிலில் இப்போது கல்லூரிப் பெண்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு பக்கமும் மரங்கள் வந்து ஜன்னலைத் தொடுகின்றன. பச்சைக் குழாய்க்குள் போவது போல இருந்தது.

நிலம்பூர் ரோடு நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, தேக்கு மியூசியம் என்றோம். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பவே இல்லை. திங்கட்கிழமை விடுமுறை. ஒரு மாதமாகத் திட்டம் போட்ட நான் கிழமையைப் பார்க்கவில்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது. அறை எடுத்து, பத்திரியும் கோழிக் கறியும் சாப்பிட்டு, மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை: நிலம்பூர்

பத்து மணிக்கு வாசலில் முதல் ஆட்கள் நாங்கள்தான். கூடலூர் போகும் சாலையில், நிலம்பூர் ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் இருக்கிறது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம். 1995-ல் திறந்த இரண்டு மாடிக் கட்டடம். ஒரே ஒரு மரத்துக்காக எழுந்த அருங்காட்சியகம் உலகில் இதுதான் முதலாவது என்கிறார்கள்.

நுழைந்ததும் ஒரு வேர் நம்மை நிறுத்திவிடுகிறது. 55 வயதுத் தேக்கு ஒன்றின் முழு வேர்த்தொகுதி, அப்படியே மண்ணிலிருந்து எடுத்து நிறுத்தியது. மரத்தை எப்போதும் இடுப்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறோம். மாமாவே இரண்டு முறை சுற்றி வந்தார். "முப்பது வருடம் மரம் விற்றிருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை" என்றார். வேருக்குக் கன அடி போடவும் இல்லை.

கீழ்த்தளத்தில் நேற்று முன்தினம் நாங்கள் நேரில் பார்த்த கன்னிமாராவின் ஒளிப்படம் இருக்கிறது, மலையாற்றூர்ப் பெருந்தேக்கின் மர உருவம் இருக்கிறது. தேக்கில் செய்த 'உரு'வின் மாதிரி ஒன்றும் நிற்கிறது. அரபுக்கடல் தாண்டி வியாபாரம் செய்த பாய்மரக் கப்பலின் பெயர்தான் உரு. எகிப்தின் செங்கடல் ஓரம் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது இந்தியத் தேக்குக் கட்டைகள் கிடைத்தன. கப்பலாகப் போய், பழசாகி, அங்கே வீட்டுக்கு மரமாகிவிட்டவை. ஆங்கிலேயர் இந்த மரத்தைக் கண்டுபிடித்தது போலப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டைகள் நினைவுக்கு வரும். 'டீக்' என்ற சொல்லே நம் தேக்குதான், மலையாளத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வாய்க்குப் போய் அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது.

மேல்மாடியில் நாகரம்பாறைக் காட்டிலிருந்து வந்த ஒரு பெருந்தேக்கின் அடிக்கட்டை, ஆண்டு வளையங்களைப் படிக்கும் விதம், பழைய காலத்து மரம் வெட்டும் முறைகள், தேக்கைத் தின்னும் பூச்சிகள், கூடவே முந்நூறுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிகள். வெட்டும் முறையைக் காட்டும் இடத்தில் மாமா வழிகாட்டியாகிவிட்டார். எங்கள் பின்னால் வந்த ஒரு மலையாளக் குடும்பமும் நின்று கேட்டது. ஈர மரம் கனக்கும், ஆற்றில் போட்டால் மூழ்கும். அதனால் வெட்டுவதற்கு ஓரிரு வருடம் முன்பே அடியில் சுற்றிலும் பட்டையையும் பாலையும் வளையமாகச் செதுக்கிவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்து, நின்றபடியே காயும். "தூக்குத் தண்டனைக் கைதி மாதிரி. நாள் குறித்துவிட்டார்கள், ஆனால் நின்றுகொண்டிருக்கும்" என்றார். அந்தக் குடும்பத்துச் சிறுமிக்கு அவள் அப்பா மொழிபெயர்த்துச் சொன்னபோது இந்த வரியை மட்டும் விட்டுவிட்டார்.

யானை இழுப்பதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம். பர்மாவில் உடலில் பட்டை கட்டிச் சங்கிலியால் இழுக்கும். மலபாரில் மரப்பட்டை நாரில் திரித்த கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு இழுக்கும். பிடிக்காவிட்டால் வாயைத் திறந்தால் போதும், கட்டை நின்றுவிடும். மாமாவுக்கு இது பிடித்திருந்தது. "சுதந்திரமான வேலைக்காரன்" என்றார். பல் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

சந்தடிசாக்கில் பர்மா பேச்சை எடுத்தேன். பர்மா தேக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? "நின்று நிதானமாக வளர்ந்த மரத்தில் வரி நெருக்கமாக இருக்கும், அவ்வளவுதான். பலகையைப் பார்த்து நாட்டைச் சொல்கிறேன் என்பவன் வியாபாரி" என்றார். நம் ஊஞ்சலில் வரி நெருக்கமா என்றேன். தேக்கைத் தின்னும் புழுவைப் பார்க்கப் போய்விட்டார்.

பிற்பகலில் கனோலி தோட்டம். சாலியாற்றைக் கடந்து போக வேண்டும். மனிதர் நட்டு இன்றும் நிற்கும் தேக்குகளில் உலகிலேயே மூத்தவை இங்கே இருக்கின்றன, 1846-ல் நட்டவை. பரப்பு 2.31 ஹெக்டேர், ஐந்தே முக்கால் ஏக்கர் கூட முழுதாக இல்லை.

இதன் பின்கதை ஒரு நல்ல நிர்வாகக் குளறுபடி. கப்பலுக்குத் தேக்கு வேண்டும் என்பதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1806-ல் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரியை மலபார்க் காடுகளுக்குப் பாதுகாவலராக்கியது. அவர் பாதுகாத்த விதம், தேக்கெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று சொன்னது. காட்டுச் சொந்தக்காரர்களும் வியாபாரிகளும் கொதித்தார்கள். 1823-ல் ஆளுநர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே ஒழித்தார். பிறகு யார் வேண்டுமானாலும் வெட்டலாம் என்றாகி, அடுத்த இருபது வருடத்தில் ஆற்றோரக் காடுகள் காலி. அப்போது மலபார் கலெக்டர் ஹென்றி வாலண்டைன் கனோலி. வெட்டிக்கொண்டே இருந்தால் முடிந்துபோகும், நட வேண்டும் என்று எழுதி, கோயில் தேவஸ்தானத்துக்குச் சொந்தமான காட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். விதை போட்டார்கள், முளைக்கவில்லை. மறுபடி போட்டார்கள், மறுபடியும் இல்லை. மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கைத்தடிக் கதையை அவர் இன்னும் மறக்கவில்லை.

தேக்கங்கொட்டையின் ஓடு கல் மாதிரி. நனைத்துக் காயவைத்து, திரும்ப நனைத்துக் காயவைத்து, ஓட்டைத் தளரவிட வேண்டும். காட்டில் வெயிலும் மழையும் அந்த வேலையைத் தம் அவகாசத்தில் செய்யும், கலெக்டருக்கு அவ்வளவு அவகாசம் ஏது. நாற்றுப் பாத்தியில் அதைச் சாதித்தவர் சாத்து மேனன். கனோலியின் கீழ் வனப் பொறுப்பில் இருந்த உள்ளூர்க்காரர். 1844-லிருந்து 1862 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டார். தோட்டத்துக்குப் பெயர் கனோலி.

கனோலிக்கும் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. மம்புறம் தங்ஙள் என்ற முஸ்லிம் மதத் தலைவரை நாட்டைவிட்டு வெளியேறச் செய்த கோபம் ஊரில் இருந்தது. 1855 செப்டம்பரில், கோழிக்கோட்டில் தன் பங்களாவிலேயே மாப்பிள முஸ்லிம் கிளர்ச்சியாளர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய தம்பி ஆர்தர் அதற்கு முன்பே, 1842-ல், மத்திய ஆசியாவின் புகாராவில் உளவாளி என்று தலை வெட்டப்பட்டவர். அண்ணன் நட்ட கன்றுகளுக்கு அவர் இறக்கும்போது ஒன்பது வயது. அறுக்க இன்னும் ஐம்பது வருடமாவது பாக்கி.

நின்று பார்த்தேன். அடிமரம் ஒவ்வொன்றும் கோயில் தூண் போல நேராக ஏறுகிறது, கீழே ஒரு கிளை இல்லை. நெருக்கி நட்டு, மெலிந்ததை அவ்வப்போது களைந்து, வெளிச்சத்துக்காக மேலே மேலே போகவிட்டால் இப்படி வளரும். அழகுக்காக வளர்த்ததில்லை, கப்பலுக்கு முடிச்சில்லாத நீளப் பலகை வேண்டும் என்பதற்காக வளர்த்தது. அவை வெட்டும் பருவத்துக்கு வந்தபோது உலகம் இரும்புக் கப்பலுக்கு மாறிவிட்டிருந்தது. மாமா நாற்பது நிமிடத்தில் பதினொரு மரங்களுக்குக் கணக்குப் போட்டார். விடைகளைக் கேட்டு நான் குறித்துக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள், புதன்கிழமை: கல்லாயி, பேப்பூர்

சாலியாற்றைத் தொடர்ந்து கட்டைகள் போன வழியே பஸ்ஸில் போனோம். மழைக்காலத்தில் ஆறு நிரம்பும்போது கட்டைகளை மூங்கிலோடு சேர்த்துத் தெப்பமாகக் கட்டி, மேலே ஆட்கள் நின்று கழியால் தள்ளிக்கொண்டு வருவார்கள். முடிவு கோழிக்கோட்டை ஒட்டிய கல்லாயி. உலகிலேயே இரண்டாவது பெரிய மரச் சந்தை என்று ஒரு காலத்தில் பேர் வாங்கிய இடம். மாமாவுக்கு அவருடைய முதலாளி சொல்லிக் கேட்ட ஊர், முதல் முறையாகப் பார்க்கிறார். புதுச்சட்டை போட்டுக்கொண்டார்.

ஆற்றில் கொஞ்சம் கட்டைகள் மிதந்தன, கரையில் கொஞ்சம் குவிந்திருந்தன. நிறைய ஆகாயத்தாமரை. ரம்பச் சத்தம் ஒன்றிரண்டு கொட்டகைகளில் மட்டும் கேட்டது. ஒரு மரவாடியில் எழுபதைத் தாண்டிய ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மாமா அவரைச் 'சேட்டா' என்று கூப்பிட்டு, தமிழிலேயே பேச்சைத் தொடங்கினார். அவர் மலையாளத்திலேயே பதில் சொன்னார். 1980களின் பிற்பகுதியில் இயற்கைக் காட்டில் மரம் எடுப்பது நின்ற பிறகு இந்தத் துறையின் கதை முடிந்தது என்றார். இப்போது வருவதில் பெரும்பங்கு கப்பலில் வரும் வெளிநாட்டு மரம். கல்லாயிக்கு மரம் கடலிலிருந்து வருகிறது! பேச்சு முடிவதற்குள் இரண்டு கிழவர்களும் ஒரு கட்டையைச் சுற்றி நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். இருவர் கணக்குக்கும் அரை கன அடிதான் வித்தியாசம். அதற்காகக் கால் மணி நேரம் வாதாடினார்கள், இரண்டு மொழியில்.

பேப்பூரில் ஓர் உரு பாதி கட்டி நின்றது. கையில் வரைபடம் இல்லாமல் மூத்த தச்சரின் மனக்கணக்கில் கட்டுவது. என்ன மரம் என்று கேட்டேன். அடிப்பாகத்துக்கு மலேசிய மரம் என்றார்கள். தேக்கு? சிரித்தார்கள். விலை கேட்டதும் மாமாவும் சிரித்தார்.

திரும்பும் ரயிலில் தச்சரின் கேள்விக்கு என் பதிலை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பர்மாக் காட்டில் பட்டை செதுக்கி, நின்றபடி காய்ந்து, யானை இழுத்து, ஐராவதி ஆற்றில் தெப்பமாக வந்து, ரங்கூனில் கப்பலேறி... மாமா நிலக்கடலை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பாலக்காடு தாண்டியதும் சொன்னார்.

"அம்மிணி, அது ஆனைமலை மரம். எனக்குப் பத்து வயது. உன் தாத்தா வனத்துறை மர டிப்போவில் ஏலம் எடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன்."

"எப்படி இறக்கினார்கள்?"

"லாரியில்தான். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன், வாந்தி எடுத்தேன்."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, அறுபது வருடமாக ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உன் அப்பா வீட்டில் பர்மாத் தேக்கு என்று சொல்லித்தானே சீர் கொடுத்தோம்" என்றார். தோலை ஜன்னல் வழியே ஊதிவிட்டு, "அக்காவிடம் நீ எதையும் உளறி வைக்காதே" என்றும் சொன்னார்.